ஆக்சில் கியர் மாற்றிய பிக்கப்: ஊளை, அதிர்வு, சூடு, எதற்கு எங்கே பார்ப்பது

ட்ரெய்லர் இழுக்க ஆக்சிலின் 3.55 கியரைக் கழற்றிவிட்டு 4.10 போடுகிறவர்கள் (கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். போடுவதற்கு முன், வண்டி இழுக்காததற்குக் காரணம் வேறாக இருக்கும், பழி கியர் மீது விழும். போட்ட பிறகு, ஊளை, அதிர்வு, சூடு, பொய் சொல்லும் ஸ்பீடோமீட்டர் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும், உடனே டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவே கியர்கள் இருக்கும் பகுதி) கவரைக் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தொல்லை எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்: மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, திரும்பும்போதா, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமா. இதற்குப் பதில் தெரியாமல் கவரைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு கிரவுன் வீல், அதாவது பெரிய பல்சக்கரம், தெரியும், அதைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் புரியாது, ஊற்றிய ஆயில்தான் வீண்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, கியர் மேலும் கீழும் தாவுகிறது

இது கியர் மாற்றுவதற்கு முந்தைய கதை. சமதரையில் நன்றாகப் போகிற வண்டி, ட்ரெய்லர் மாட்டியதும் சின்ன மேட்டுக்கே மேல் கியரான ஓவர்டிரைவை விட்டு இறங்குகிறது, மேடு தாண்டியதும் ஏறுகிறது, அடுத்த மேட்டில் மறுபடி இறங்குகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இப்படித் தாவும்போது டார்க் கன்வர்ட்டரின் (என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைப்பது) லாக்கும் விட்டு விட்டுப் பிடிக்கும், கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும். ஆக்சில் கியரை மாற்றுவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபமே இந்தத் தாவலை நிறுத்துவதுதான். வேகமாகக் கிளம்புவதெல்லாம் அப்புறம்.

ஆனால் செலவில்லாத சந்தேகங்களை முதலில் ஒழியுங்கள். ட்ரெய்லர் சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசிக்கொண்டிருந்தால் எந்தக் கியரும் காப்பாற்றாது. ட்ரெய்லர் டயரில் காற்று, வண்டியின் ஏர் ஃபில்டர், ஃப்யூவல் ஃபில்டர், இழுவைக்கென்று பட்டன் இருந்தால் அது போட்டிருக்கிறதா, எல்லாம் ஒரு மணி நேர வேலை. கப்ளிங் (ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் இடம்) மேல் இறங்கும் எடை ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்.

டயரையும் பாருங்கள். தோற்றத்துக்காக யாராவது பெரிய டயர் மாட்டியிருந்தால் கியர் விகிதத்தை அவரே குறைத்துவிட்டார் என்று அர்த்தம். 80 செ.மீ. விட்டத்துக்குப் பதில் 88 செ.மீ. டயர் போட்டால் 3.73 விகிதம் 3.39 போல நடந்துகொள்ளும். அந்த வண்டியில் 4.10 போட்டால் பழைய 3.73 திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். இழுவை கூடிவிட்டது என்று சந்தோஷப்பட அதில் ஒன்றும் இல்லை.

டயர் பழையதுதான் என்றால் கணக்கு எளிது. விகிதம் என்பது கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுழற்றும் சின்னக் கியரான பினியனின் பற்களால் வகுத்தால் வருவது: 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73, அதே 41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.10. டயர் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 90 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1500 மீட்டர், அதாவது சக்கரம் 600 சுற்று. 3.55 கியரில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 2130 சுற்றும், 4.10-இல் 2460 சுற்றும். ஓவர்டிரைவ் 0.70 என்றால் என்ஜின் முறையே சுமார் 1490, 1720 ஆர்பிஎம். சுமையோடு 1490-இல் திணறுகிற என்ஜின் 1720-இல் ஓவர்டிரைவைப் பிடித்துக்கொண்டு போவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசையும் 15 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். 3.55-இலிருந்து 3.73-க்குப் போனால் கிடைப்பது 5 சதவீதம். அதற்காக ஆக்சிலைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது உள்ளே என்ன விகிதம் இருக்கிறது என்று கவர் போல்ட்டில் தொங்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், முன்பே யாராவது மாற்றியிருக்கலாம். எண்ணிப் பார்த்துவிடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, நியூட்ரலில் போட்டு, அந்தச் சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தால் அது மூன்றரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் 3.55, நாலு சுற்றும் ஒரு துளியும் என்றால் 4.10. லிமிட்டெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழலாமல் தடுக்கும் வகை) என்றால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, சேர்த்து ஒரே ஒரு சுற்று.

மாட்டும்போதே பேக்லாஷ் செட் ஆக மாட்டேன் என்கிறது

பேக்லாஷ் என்றால் கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடும் சிறு விளையாட்டு. எத்தனை ஷிம் (இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டாலும் கிரவுன் பினியனைத் தொடவே இல்லை, அல்லது கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு) உள்ளேயே போகவில்லை. கையைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் கேரியர்தான் தவறு. விகிதம் கூடக் கூடப் பினியனின் தலை சின்னதாகும், அதை எட்ட கிரவுன் இன்னும் பக்கமாக வர வேண்டும். அதனால் பல ஆக்சில்களில் ஒரு எல்லைக்கு மேல் வேறு கேரியர் கேட்கும். டேனா 44-இல் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-இலிருந்து இன்னொன்று. டேனா 60-இல் 4.10 வரை ஒன்று, 4.56-இலிருந்து இன்னொன்று. பழைய கேரியரிலேயே உட்காரும்படி தடிமனான கிரவுனும் சில ஆக்சிலுக்குக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்பீடோமீட்டர் கூடக் காட்டுகிறது, கியர் மாறும் நேரம் குழப்பமாக இருக்கிறது

பயப்பட ஒன்றுமில்லை. வேகத்தைக் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டில் இருந்து எடுக்கிற வண்டி என்றால், 3.55 போய் 4.10 வந்ததும் நிஜமாக 78-இல் போகும்போது 90 என்று காட்டும். கம்ப்யூட்டரில் புதிய விகிதத்தை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். வேகத்தைச் சக்கர சென்சாரில் இருந்து எடுக்கிற வண்டியில் முள் சரியாகவே காட்டும், ஆனால் என்ஜின் சுற்றுக்கும் சக்கர வேகத்துக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டர் குழம்பி, கியர் நழுவுகிறது என்று நினைத்து விளக்கு எரிய விடும். கியர்பாக்ஸைப் பிரிக்க யாராவது சொன்னால், விகிதம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கியர் மாற்றியும் இழுக்கவே இல்லை என்று வருகிற புகாரில் பாதி இதுதான், பழைய கணக்கிலேயே கியர்பாக்ஸ் மாறிக்கொண்டிருக்கும்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் தனியாக எரிந்தால், சில ஆக்சில்களில் கிரவுனுக்குப் பக்கத்தில் கேரியர் மீது ஒரு பல் வளையம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் சென்சார் எண்ணும். புதுக் கேரியருக்கு மாற்றும்போது அதைச் சுத்தியலால் தட்டி வளைத்திருப்பார்கள், அல்லது மாற்றவே மறந்திருப்பார்கள்.

4x4 போட்டால் ஸ்டீயரிங் இறுகுகிறது, வண்டி குதிக்கிறது, லீவர் வெளியே வர மறுக்கிறது

பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் பழையதையே விட்டிருக்கிறீர்கள், அல்லது முன்னால் வேறு எண் வந்துவிட்டது. முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருந்தே ஆக வேண்டும். 4.09-உம் 4.10-உம் சேர்ந்து ஓடும், வித்தியாசம் கால் சதவீதம் கூட இல்லை. 3.55-உம் 4.10-உம் சேர்ந்து ஓடாது, ட்ரான்ஸ்ஃபர் கேஸோ (முன் ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) ஷாஃப்ட்டோ உடையும். முன்னால் செய்கிற வரை 4x4 பக்கமே போகாதீர்கள். நான்கு சக்கரமும் எப்போதும் ஓடுகிற வகை என்றால் வண்டியையே எடுக்காதீர்கள்.

சோதிக்கும்போது கவனம். தார்ச்சாலையில் திருப்பினால் விகிதம் சரியாக உள்ள பார்ட் டைம் 4x4 (வேண்டும்போது மட்டும் போடும் வகை) கூட இறுகத்தான் செய்யும். சரளையில் நேராக ஓட்டிப் பாருங்கள்.

ஊளை

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் ஆளில்லாத நேரான சாலையில், ட்ரெய்லர் இல்லாமல், ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சத்தம் வருகிற வேகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று விதமாகச் செய்யுங்கள்: லேசாக மிதித்து வேகம் கூட்டுவது, காலை முழுக்க எடுத்துவிடுவது, கூடாமலும் குறையாமலும் மிதப்பது போல வைத்திருப்பது. அப்புறம் அதே வேகத்தில் கியர்பாக்ஸை ஒரு கியர் கீழே இறக்குங்கள். என்ஜின் சுற்று மாறியும் ஊளையின் சுருதி மாறவில்லை என்றால் சத்தம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து வருகிறது.

மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் ஒரே மாதிரி இரைந்தால் அது பல் சத்தமாக இருக்க வாய்ப்புக் குறைவு. டயராக இருக்கலாம், சாலையின் மேற்பரப்பு மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் டயரேதான். பேரிங்காக இருக்கலாம், பினியன் பேரிங் சக்கரத்தைவிட நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் சத்தம் மெல்லிய கிர்ர் என்று இருக்கும், கேரியர் பேரிங்கும் சக்கர பேரிங்கும் அடித்தொண்டையில் உறுமும். உறுமல் வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்.

மிதிக்கும்போது மட்டும், அல்லது காலை எடுத்தால் மட்டும் ஊஊ என்று வந்தால் பல் உட்காரும் இடம் தவறு. முக்கியமாகப் பினியனின் ஆழம், அதாவது அது கிரவுனை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பது. காலை எடுத்தால் மட்டும் வருகிறது, பினியனின் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட்டை மாட்டும் முனை) பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிகிறது என்றால் பினியன் பேரிங்கின் ப்ரீலோடு (மாட்டும்போதே வைக்கும் இறுக்கம்) போய்விட்டது, நட் தளர்ந்திருக்கலாம்.

இனி கவரைக் கழற்றலாம். ஆயிலை வடித்து, கிரவுனையும் பினியனையும் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவுங்கள். மஞ்சள் நிற மார்க்கிங் பேஸ்ட்டை ஒரு குட்டை பிரஷ்ஷால் நான்கு பல்லுக்குப் பூசுங்கள், இரு பக்கமும், மெல்லிசாக. வெண்ணெய் தடவியது போல அப்பினால் தடம் எல்லாப் பக்கமும் வழிந்து எதுவும் படிக்க முடியாது. கிரவுனின் எதிர்ப்பக்கத்திலும் நான்கு பல். பிறகு ஒருவர் கிரவுன் மீது கட்டையை வைத்து அழுத்தித் தடை கொடுக்க, இன்னொருவர் பினியனைப் பெரிய ஸ்பானரால் இரண்டு திசையிலும் சுற்ற வேண்டும். தடை இல்லாமல் சும்மா சுற்றினால் கிடைக்கும் தடத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். மஞ்சளில் பல் அழுந்திய இடம் பளிச்சென்று துடைத்தது போலத் தெரியும், ஓரத்தில் பேஸ்ட் சின்ன வரப்பாக ஒதுங்கியிருக்கும். அந்த வரப்புக்குள் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டிய தடம்.

தடம் பல்லின் அடியில், இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை ஒட்டி விழுந்தால் பினியன் கிரவுனுக்கு மிக அருகில் போய்விட்டது. பல்லின் உச்சி விளிம்பில் விழுந்தால் தள்ளி நிற்கிறது. அடிக்கும் உச்சிக்கும் நடுவே, ஓரங்களைத் தொடாமல் இருப்பதுதான் வேண்டும். பெரும்பாலான ஆக்சில்களில் பினியன் தலைப் பக்க பேரிங்குக்கு அடியில் ஷிம் கூட்டினால் பினியன் கிரவுனை நெருங்கும், குறைத்தால் விலகும். ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் இது தலைகீழ். அங்கே ஷிம் பினியன் தாங்கிக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் இருப்பதால், கூட்டினால் விலகும். இதை மறந்து ஒரு முழுச் சனிக்கிழமையைத் தொலைத்தவன் நான். ஒவ்வொரு முறையும் தடம் இன்னும் மோசமாகிக்கொண்டே போனது, நானும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனேன்.

எவ்வளவு மாற்றுவது? தடம் ரொம்பத் தள்ளியிருந்தால் தைரியமாக 0.10 முதல் 0.15 மி.மீ. வரை மாற்றுங்கள், எதிர்ப்பக்கம் போனால் நடுவில் வாருங்கள். நெருங்கிய பிறகு 0.05 போதும். ஆழம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பேக்லாஷ் மாறிவிடும், அதைத் திரும்பச் சரி செய்துவிட்டுத்தான் தடம் எடுக்க வேண்டும். இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பழைய பேரிங்கின் உள்வளையத்தைத் தேய்த்துப் பெரிதாக்கி, கையாலேயே போட்டு எடுக்கும்படி ஒரு செட்டப் பேரிங் வைத்துக்கொள்கிறார்கள். புதுப் பேரிங்கை நான்கு முறை புல்லர் போட்டு இழுத்தால் அது பேரிங்காக இருக்காது.

பேக்லாஷ் என்பது பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை ஆட்டினால் டயல் கேஜ் காட்டும் விளையாட்டு. பல வண்டிகளில் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை கேட்பார்கள், உங்கள் கியர் செட்டோடு வந்த தாளில் உள்ள எண்தான் இறுதி. ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போகாதீர்கள், சுற்றி நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் 0.05-க்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் கேரியர் முகத்தில் ஒரு பிசிறோ, பழைய போல்ட் கோந்தின் துணுக்கோ இருக்கும், விரல் நகத்தால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு. வழவழப்பான எண்ணெய்க்கல்லால் ஒரு தேய், அவ்வளவுதான்.

கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்தினால் தடம் பல்லின் உள்முனைப் பக்கம் போகும், விலக்கினால் வெளிமுனைப் பக்கம். பல்லின் உயரம் இரண்டு முனையிலும் ஒரே அளவாக உள்ள வகைக் கியர் என்றால் உள்முனை வெளிமுனை பற்றி ரொம்பக் கவலைப்படாமல், அடிக்கும் உச்சிக்கும் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேக்லாஷை மட்டும் இறுக்கி ஊளையை அடக்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஒரு வாரம் அடங்கும். சூட்டில் விரிந்ததும் பல் பல்லைக் கடிக்கும். இன்னொன்று, கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாகத் தேய்த்து வருபவை, இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒன்றில் ஒரு எண், மற்றதில் வேறு எண் என்றால் ஷிம்மோடு போராட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். ஓடித் தேய்ந்த ஜோடியை வேறு ஹவுசிங்குக்கு மாற்றினாலும் கொஞ்சம் ஊளை இருக்கும், அதோடு வாழப் பழக வேண்டியதுதான்.

சூடு

புதுக் கியர் முதல் ஓட்டத்தில் சூடாகத்தான் செய்யும். எங்கே சூடு என்பதுதான் கேள்வி. தூரத்தில் இருந்து அளக்கும் தெர்மாமீட்டரால் பினியன் மூக்கையும், நடு ஹவுசிங்கையும், இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள். மூக்கு மட்டும் தனியாகக் கொதித்தால் பினியன் பேரிங் இறுக்கம் அதிகம். எல்லாம் சமமாகக் கொதித்தால் ஆயில் குறைவு, ஆயில் வகை தவறு, அல்லது பேக்லாஷ் இறுக்கம். வடித்த ஆயிலில் கருகிய வாடையும் பினியன் பல்லில் நீல நிறமும் இருந்தால் அந்த செட்டை மறந்துவிடுங்கள்.

பினியன் ப்ரீலோடைக் கிரவுன் மாட்டுவதற்கு முன், சீல் போடுவதற்கு முன் அளக்க வேண்டும்: சின்ன அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் பினியனை மெதுவாகச் சுற்றி, சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் காட்டுவது. புதுப் பேரிங்குக்குத் தோராயமாக 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர், ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் உள்ள ஆக்சிலில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அந்த ஸ்லீவ் நசுங்க ஆரம்பிக்கவே 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும், ஒரு மீட்டர் பைப் போட்டுத் தொங்க வேண்டியிருக்கும், ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அப்புறம் கால் திருகில் ப்ரீலோடு எகிறிவிடும். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவரும் வித்தை வேண்டாம், நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நிமிராது. பினியனை வெளியே எடுத்துப் புது ஸ்லீவ். அதனால் கடைசிக் கட்டத்தில் கால் அங்குலம் திருகி ஒருமுறை அளப்பது, மறுபடி கால் அங்குலம், இப்படியே போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால், ஓட்டிய விதம். முதலில் சுமையில்லாமல் 15, 20 நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட வேண்டும், இதைச் சில முறை செய்ய வேண்டும். 800 கி.மீ. வரை ட்ரெய்லர் கூடாது. அதன் பிறகு ஆயிலை மாற்றி, முதல் இழுவையையும் 25 கி.மீ. போவது, கொஞ்சம் ஆறவிடுவது என்று பிரித்துப் போக வேண்டும். ட்ரெய்லர் இழுக்கத்தானே கியர் மாற்றினோம் என்று அன்றைக்கே மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களின் கியர்தான் நீலமாகிறது. வடித்த முதல் ஆயிலில் வெள்ளி மினுமினுப்பும், காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசையும் இருப்பது இயல்பு. அந்தப் பசையை இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள். வழவழவென்று போனால் கவலையில்லை, நெறுநெறுவென்று செதில் தட்டுப்பட்டால் கவரை மூடாதீர்கள்.

ஆயில் ஜிஎல்-5 வகை ஹைப்பாய்டு ஆயிலாக இருக்க வேண்டும், கனமாக இழுப்பவர்கள் 75டபிள்யூ-140 சிந்தெடிக் பக்கம் போகிறார்கள். மேனுவல் வேறு சொன்னால் மேனுவலைக் கேளுங்கள்.

முன்பு இல்லாத அதிர்வு, வேகம் கூடக் கூட

கியரே காரணம் இல்லாத தொல்லை இது, ஆனால் கியர் மாற்றிய மறுநாள் வந்ததால் கியர் மீதுதான் சந்தேகம் போகும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: அதே 90 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் 2130-க்குப் பதில் 2460 சுற்றுகிறது. முன்பு 104-இல் போனால்தான் வந்திருக்கும் அதிர்வு இப்போது 90-லேயே வந்துவிடுகிறது, நீங்கள் அந்த வேகத்தில் போயிருக்கவே மாட்டீர்கள் அதனால் தெரியவில்லை. யுனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ், ஷாஃப்ட்டின் பேலன்ஸ், நடு பேரிங், எல்லாம் பாருங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது ஃபிளாஞ்சில் குறி போடாமல் கழற்றியிருந்தால், அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்ப்பது முதல் வேலை. அதிலேயே தீர்ந்த வண்டிகள் உண்டு. ட்ரெய்லர் மாட்டினால் மட்டும் அதிர்கிறது என்றால் பின்பக்கம் அமுங்கிப் பினியன் கோணம் மாறுகிறது.

டொக் என்று ஒரு அடி, அல்லது டிக் டிக் டிக்

நிறுத்தியிருக்கும்போது டிரைவிலிருந்து ரிவர்ஸ் போட்டால் டொக் என்று ஒரே ஒரு அடி விழுந்தால், வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் இரு பக்கமும் திருகுங்கள். ஃபிளாஞ்சுக்கு முன்பே ஆட்டம் இருந்தால் ஜாயிண்ட் அல்லது ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டின் நீளவாட்டுப் பற்கள்). ஃபிளாஞ்சும் சேர்ந்து ஆடினால் பேக்லாஷ் அதிகம், அல்லது உள்ளே ஸ்டார் பினியனின் (கேரியருக்குள் இருக்கும் சின்னக் கியர்) வாஷர் தேய்ந்திருக்கிறது. கேரியர் பழையது, கிரவுன் மட்டும் புதியது என்றால் ஸ்டார் பினியனைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்றால் கிரவுனில் ஒரு பல்லில் அடிபட்ட தழும்பு, அல்லது கிரவுன் போல்ட் தளர்ந்து எங்கோ உரசுகிறது. சக்கரச் சுற்றுக்கு நான்கு முறை என்றால் தழும்பு பினியனில். போல்ட் சந்தேகம் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், அது கழன்று பல்லுக்கு நடுவே போனால் ஹவுசிங்கே பிளக்கும். சில ஆக்சில்களில் கிரவுன் போல்ட் இடது மரை, வழக்கம்போல இறுக்குகிறோம் என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு.

வளைவில் மட்டும் கடகடவென்று நடுங்கினால், லிமிட்டெட் ஸ்லிப் உள்ள வண்டியில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உரசலைச் சீராக்க ஆயிலோடு சேர்ப்பது) ஊற்ற மறந்திருப்பீர்கள். ஊற்றிவிட்டுக் காலி மைதானத்தில் எட்டுப் போடுங்கள், அடங்கிவிடும்.

பக்கவாட்டு பேரிங் மூவாயிரம் கிலோமீட்டரில் போய்விட்டது

பேரிங் மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இடது மூடியும் வலது மூடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஹவுசிங்கோடு சேர்த்தே துளையிட்டவை. கழற்றுவதற்கு முன் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் இடதில் ஒரு புள்ளி, வலதில் இரண்டு புள்ளி, எது மேல்பக்கம் என்றும் ஒரு குறி.

எண்ணெய் கசிகிறது

பினியன் சீலில் கசிந்தால் புது சீலை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், ஃபிளாஞ்சில் சீல் உட்காரும் இடத்தை விரலால் தடவுங்கள், பள்ளம் விழுந்திருக்கும். சக்கரப் பக்கம் கசிந்தால், ஆக்சில் ஷாஃப்ட்டைத் திரும்பச் செருகும்போது அதன் ஸ்ப்ளைன் சீலின் உதட்டைக் கிழித்திருக்கும். ஷாஃப்ட்டின் எடை சீல் மீது விழாமல் தூக்கிப் பிடித்துச் செருக வேண்டும். முன்னால், இரு பக்கம், கவர் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஈரமாக இருந்தால் எந்த சீலையும் தொடாதீர்கள். ஆக்சில் மேலே சின்ன ரப்பர் குழாய் போகும், அதைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் சேறு அடைத்திருக்கும். சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைத் தள்ளுகிறது, குழாயை மாற்றினால் நின்றுவிடும்.